பழைய கணிப்பொறிக்கு வைத்தியர் யார்?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் எடைமேடையில் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் இருக்கும் கணிப்பொறி எடையைக் குறித்துச் சீட்டு அச்சடித்துத் தரும். பெரம்பலூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கணிப்பொறிதான் கணக்குப்பிள்ளை.

இவற்றில் விண்டோஸ் 10 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வழக்கமாக அளித்துவந்த திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. மறுநாளும் கணிப்பொறி முன்போலவே ஓடியது. அப்படியானால் எதற்காக மாற்ற வேண்டும்?

விடை காணக் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1959-இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற கணிப்பொறியை அறிமுகம் செய்தது. துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும் இயந்திரம் அது. 1960-களில் நம் ரயில்வேயும் அதைப் பயன்படுத்தியது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைக்க விரும்பாத ஐ.பி.எம்., 1978-இல் நாட்டைவிட்டு வெளியேறியது. இயந்திரங்கள் இங்கேயே நின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பை சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. இந்தியப் பொறியாளர்களின் கையில் அவை தொடர்ந்து ஓடின.

இதிலிருந்து என்ன தெரிகிறது? செய்தவர் போய்விட்டதாலேயே இயந்திரம் செத்துவிடாது. உதிரிப்பாகமும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் இல்லாதபோதுதான் அதன் ஆயுள் முடிகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கணிப்பொறிகள் இணையத்தை அறியாதவை. இன்றைய கணிப்பொறிக்கு வெளியிலிருந்தும் ஆபத்து வரும். புதிய பதிப்புக்குத் திருத்தம் வெளியானதும், அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருக்குமா என்று திருடர்கள் தேடுவார்கள். 2017 மே 12-இல் பரவிய ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம், ஆதரவு பெற்ற பதிப்புகளுக்கு மார்ச் மாதமே வந்துவிட்டது. 2014-இல் ஆதரவு முடிந்த எக்ஸ்.பி. பதிப்புக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் பொதுவில் கிடைத்தது.

ஆகவே, வாங்கிய ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பழுதானால் பார்க்க ஆள் உண்டா? இணையத்தோடு சேர்ந்திருக்கிறதா? உள்ளேயிருக்கும் கணக்கை வேறு கணிப்பொறிக்கு மாற்ற முடியுமா?

எடைமேடைக் கணிப்பொறி தனியாக நின்று, சீட்டு மட்டும் அடிக்கிறது என்றால் இன்னும் சில காலம் வைத்திருக்கலாம். கணக்கை அவ்வப்போது நகலெடுத்து வைத்தால் போதும். ஆனால் அதில் செருகும் பென்டிரைவ் வழியாகவும் தீய நிரல் நுழையும் என்பதை மறக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பி, வங்கிப் பணமும் செலுத்தும் கடைக் கணிப்பொறியின் கதை வேறு. அதை மாற்றியே தீர வேண்டும். நிறுவனங்கள் பணம் கட்டி 3 ஆண்டுகள் வரை திருத்தங்கள் பெறலாம்; ஆனால் கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். புதிய விண்டோஸை ஏற்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போடலாம். கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

புதியது வாங்கியதும் பழையதை உடனே தூக்கி எறியாதீர்கள். ஒரு மாதம் இரண்டிலும் கணக்கு எழுதி, தொகை ஒத்து வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

உங்கள் பள்ளிக் கணிப்பொறிகளில் எந்தப் பதிப்பு இருக்கிறது, அதன் ஆதரவு எப்போது முடிகிறது என்று ஆசிரியரோடு சேர்ந்து பட்டியல் போடுங்கள். எதை முதலில் மாற்றச் சொல்வீர்கள்? காரணத்தையும் எழுதுங்கள்.