திண்டுக்கல் என்று தேடினால் கிடைக்க வேண்டும்

திண்டுக்கல் மாவட்டத்தில் குடகனாற்றுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவரிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டால், "தண்ணி உப்பாப் போச்சுங்க" என்பார். அந்த உப்பை விஞ்ஞானிகள் அளந்து எழுதிவைத்திருக்கும் சேதி அவர் காதுக்கு வந்திருக்காது.

ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் திண்டுக்கல் நிலத்தடி நீரை ஆராய்ந்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நகரைச் சுற்றிச் சுமார் 80 தோல் ஷாப்கள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், இயங்குவதாக அதில் கணக்கு இருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவியே ஷாப்புக்கு வரும். முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த நீர் வெளியே போனால், உப்பும் கூடவே மண்ணில் இறங்கும்.

கட்டுரை வந்ததோ சுற்றுச்சூழல் புவியியல் இதழில். பயிர் கருகுவதற்குக் காரணம் தேடும் மாணவர் வேளாண்மையில் தேடுவார். வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் தேடும் டாக்டர் மருத்துவத்தில் தேடுவார். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்றால் வேதியியல். ஒரே கிணறு, நாலு துறை. யாரும் மற்றவர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் நம் சீர்காழிக்காரர்தான். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-ல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, பிறகு கோத்து எண் தருவது அதன் அடிப்படை. அந்தக் கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாகப் பின்னாளில் வகுத்தார். இடத்துக்கும் தனி இருக்கை கொடுத்தாரே, அதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

2009-ன் யுஜிசி விதிக்குப் பிறகு பிஎச்.டி. ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் சேர்கின்றன. நல்ல காரியம். ஆனால் அடுக்கு பல்கலைக்கழகம், துறை என்றே போகிறது. தாலுகா வாரியாகப் பார்க்க வழியில்லை. சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆய்வானாலும் இதே கதி.

கணினியில் தேடினால் எல்லாம் வந்துவிடுமே என்பார்கள். தேடுகிறவர் 'உப்பு' என்கிறார், ஆய்வாளர் 'மொத்தக் கரைதிண்மம்' என்கிறார். இருவரும் எங்கே சந்திப்பது?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவத்தில் மாவட்டம், தாலுகா, ஆற்றுப்படுகை என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும். தாலுகா வாரியாகப் பட்டியல் தானே வந்துவிடும். அதை மாவட்ட மைய நூலகம் அச்சடித்து ஊராட்சிகளுக்கு அனுப்பினால், அடுத்த கிராம சபையில் திண்டுக்கல் பக்கத்துப் பொன்னிமாந்துறைக்காரர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாம்.