நான்கு எஞ்சின்களும் நின்ற இரவு

1982-ஆம் ஆண்டு ஜூன் 24. கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் 'ஜம்போ' ஜெட் ஒன்று 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. பயணிகள் 248 பேர். பணியாளர்கள் 15 பேர். ராடார் திரையில் மேகம் எதுவும் இல்லை. ஆனால் ஜாவாத் தீவின் அருகே, விமானத்தின் முன்கண்ணாடியில் மத்தாப்புப் பொறிகள்போல ஒளி சிதறியது. உள்ளே கந்தக நெடி பரவிற்று. திடீரென ஓர் எஞ்சின் நின்றது. இரண்டே நிமிடங்களில் மற்ற மூன்றும் நின்றுவிட்டன!

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் முன்னே சறுக்கிச் செல்லும். ஆனால் ஜகார்த்தாவை அடைய ஜாவாவின் மலைகளைத் தாண்ட வேண்டும். முடியாவிட்டால், இருட்டில் கடலில்தான் இறங்க வேண்டும். கேப்டன் எரிக் மூடியும் துணைவர்களும் எஞ்சின்களைத் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தனர். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் பலனில்லை. சுமார் 13,500 அடிக்கு இறங்கியபோது ஓர் எஞ்சின் உயிர்பெற்றது. பிறகு மற்றவையும் ஓடின. அவற்றில் ஒன்று மீண்டும் பழுதாயிற்று. முன்கண்ணாடியோ உப்புத்தாளால் தேய்த்ததுபோல மங்கிக் கிடந்தது. எப்படியோ ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல்தான் இத்தனைக்கும் காரணம்.

'சாம்பல்' என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது; விரலால் நசுக்கினால் மாவாகும். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல. சோடா பாட்டிலைத் திறந்தவுடன் நுரை பொங்குகிறதல்லவா? பாறைக் குழம்பு மேலே வரும்போது, அதில் கரைந்துள்ள வாயுக்களும் அப்படியே விரிந்து, குழம்பைத் தூள்தூளாகச் சிதறடிக்கின்றன. அத்தூள் குளிர்ந்து கூரிய கண்ணாடிச் சில்லுகளாகிறது. அவை விமானத்தில் உராய்ந்து உண்டான நிலைமின்சாரமே அந்த மத்தாப்பு. விமானத்தின் வானிலை ராடார் நீர்த்துளிகளைக் காண்பதற்கானது. உலர்ந்த இந்தத் தூள் அதன் கண்ணில் படவில்லை.

எஞ்சினுக்குள் என்ன நடந்தது? எரியும் அறையின் வெப்பம் 1,400 டிகிரி செல்சியசுக்கும் அதிகம். சாம்பலோ சுமார் 1,100 டிகிரியிலேயே இளகிவிடும். இளகிய கண்ணாடி டர்பைனில் ஒட்டி, காற்று செல்லும் வழியை அடைத்தது, தீ அணைந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படி அணைந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. எஞ்சின் குளிர்ந்ததும் ஒட்டியிருந்த கண்ணாடி இறுகி உதிர்ந்தது. அதற்குள் விமானமும் சாம்பல் மேகத்துக்குக் கீழே சுத்தமான காற்றுக்கு வந்திருந்தது.

மூன்று வாரங்களுக்குள் இன்னொரு ஜம்போ விமானம் அதே எரிமலைச் சாம்பலில் சிக்கியது. இன்று உலகின் 9 மையங்கள் துணைக்கோள்களின் உதவியுடன் சாம்பல் மேகங்களைக் கண்காணித்து விமானிகளை எச்சரிக்கின்றன.

எச்சரிக்கைக்கும் விலையுண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் பனியாற்றின் அடியிலிருந்த ஓர் எரிமலை வெடித்தது. (அதன் பெயரைச் சொல்ல வானொலி அறிவிப்பாளர்களே திணறினார்கள்!) ஐரோப்பாவில் ஆறு நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. ஐஸ்லாந்து விவசாயிகள், சாம்பலிலுள்ள ஃபுளோரின் புல்லை நஞ்சாக்குமென்று அஞ்சி ஆடுமாடுகளைக் கொட்டிலில் அடைத்தனர். அந்த எரிமலையைப் பற்றிக் கேள்வியே பட்டிராத கென்யாவில், ஐரோப்பாவுக்கு அனுப்பப் பறித்த ரோஜாக்கள் விமானம் இல்லாமல் அழுகிப்போயின.