மூட்டு கேட்கும் அவகாசம்

கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையிலும் அண்ணா விளையாட்டரங்கிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் இளைஞர்கள் ஒரு வகை. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று டாக்டர் எச்சரித்த பிறகு நடக்க வந்து, நடையிலிருந்து மெல்லோட்டத்துக்கு மாறிய நாற்பது வயதுக்காரர்கள் மறு வகை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள சாலைகளிலும் இவர்களைப் பார்க்கலாம். ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே இவர்களில் பலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் அதோடு ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். அந்த இழப்பு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். சில மாதம் ஒழுங்காகப் பழகியவருக்கு இது எட்டாத இலக்கு இல்லை. ஆனால் எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் பலர் ஷூவை எடுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிடும். புயல் வந்தால் வாரக்கணக்கில் ஓட முடியாது. மழை விட்டதும், விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். முழங்கால் அப்போதுதான் மாட்டிக்கொள்கிறது.

நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவை பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறோம். மூட்டு இன்னும் பழைய நிலையில்தான் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா?

வலி என்று சொன்னதும் வீட்டில் வரும் முதல் பேச்சு இதுதான்: “ஓடாதப்பா, இந்த வயசிலேயே மூட்டு தேஞ்சிடும்.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், உடல்நலத்துக்காக மிதமாக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓடினால் தேய்மானம் வராது என்று இதை வைத்து உறுதி சொல்ல முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் மிதமான ஓட்டம் மூட்டைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் கிடையாது.

2021-இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் சாலை விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். அதற்குப் பிறகுதான் ஓட்டப் பழக்கத்துக்கு வந்து, நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தார். அடிபட்ட காலோடு எல்லோரும் ஓடலாம் என்று இதற்கு அர்த்தம் செய்யக்கூடாது. மூட்டில் ஒருமுறை கோளாறு வந்தால் ஓட்டம் அதோடு முடிந்தது என்ற முடிவுக்கு யாரும் அவசரப்பட்டு வர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வலி எங்கே இருக்கிறது?

புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது முழங்கால் சில்லைச் சுற்றியும் அதன் பின்னாலும் வரும் வலி. தொடைத் தசை காலை நீட்டும்போது, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல இந்தச் சில்லின் மேல்தான் இழுவிசை திரும்புகிறது. தாங்கும் அளவைவிட வேலை கூடினால் அங்கே நோகும். ‘இந்த இடம்தான்’ என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முழங்காலைக் கையால் வளைத்துத்தான் காட்டுவார்கள். மாடிப்படி இறங்கும்போதும் குந்தி உட்காரும்போதும் தெரியும். சிதம்பரத்தில் ஏறி, கடலூர் வரை மடக்கிய காலோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்து எழுந்திருக்கும்போது ‘சுருக்’கென்று பிடித்தால் பெரும்பாலும் இதுதான்.

முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஓட ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போன பிறகு தொடங்கும் வலி வேறு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டை போன்ற நாரோடு அதற்குத் தொடர்பு. பாலத்தின் சரிவில் இறங்கி ஓடும்போது அது கூடும். சில்லுக்கு நேர் கீழே ஒரே இடத்தில் வலித்தால் தசைநாண் பாதிப்பாக இருக்கலாம். காவலர் தேர்வுக்காக நீளம் தாண்டுதலையும் சேர்த்துப் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டத்தைவிடத் தாண்டுதல்தான் அந்த நாணை அதிகம் இழுக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதே பகுதியில் எலும்பு புடைத்து வலித்தால், அது வளரும் எலும்பில் நாண் இழுப்பதால் வருவது. பெரியவர்களுக்கான பயிற்சியை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.

மணலும் தேர் வீதியும்

கடற்கரை மணலில் ஓடினால் மூட்டுக்கு நல்லது என்பது பாதி உண்மை. காய்ந்த மணலில் கால் புதையும். கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் வேலை பெருகும். அலையோர ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். ஆகவே போன வழியிலேயே திரும்பி ஓடிவாருங்கள். வெறுங்காலோட்டம் முழங்காலின் சுமையைக் கொஞ்சம் குறைத்து, அதைக் கெண்டைக்காலுக்கு மாற்றுகிறது. ஷூவில் பழகியவர் ஒரே நாளில் அதற்கு மாறினால் வலி இடம்மாறி வரும்.

சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளையும் சுற்றுகிறவர்கள் வலமாகவே சுற்றுவார்கள். நடைக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஓடுகிறவருக்கு எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவதும், சாலையோரச் சரிவில் ஒரே கால் படுவதும் நாள்பட நாள்பட வலியாக முடியலாம். வலம் வருவதை நடையாக வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு நேரான வேறு சாலையைத் தேடிக்கொள்ளலாம். மைதான ஓடுதளத்தில் பழகுகிறவர்கள், கூட்டமில்லாத நேரத்தில் சில சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடலாம்.

நிறுத்துவதற்கு முன் குறையுங்கள்

சில்லு வலிக்கு முழு ஓய்வு பெரும்பாலும் தேவைப்படாது. மூன்று வாரம் படுத்துவிட்டுப் பழைய வேகத்திலேயே திரும்பினால் வலியும் திரும்பும். கனடாவின் கியூபெக்கில், சில்லு வலி வந்த 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஓட்டத்தின் அளவை வலிக்கேற்பக் கூட்டிக் குறைக்க மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு உடற்பயிற்சியையும், இன்னொன்றுக்கு ஓடும் முறைத் திருத்தத்தையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தன. அளவறிந்து ஓடுவதற்கு இருக்கும் பலன் அவ்வளவு.

அவர்கள் கற்றுக்கொடுத்த அளவுகோலை யாரும் பின்பற்றலாம். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களையே கேளுங்கள். ஓடும்போது இரண்டைத் தாண்டக்கூடாது. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். தாண்டினால் அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். வேக ஓட்டத்தையும் இறக்கத்தில் ஓடுவதையும் முதலில் விடுங்கள்.

இன்றுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் போதும். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். மழையில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

அடியை எட்டிப் போடாமல் சிறிதாக, அடிக்கடி போடுவதும் உதவும். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் அதே வேகத்தில் 168 அடி வைத்தாலே முழங்காலில் விழும் சுமை குறையும்.

தொடைக்கும் இடுப்புக்கும் வேலை

முன்தொடையும் இடுப்பின் பக்கத் தசைகளும் வலுவாக இருந்தால் முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் நிற்கும். நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, தாழ்ந்த படியிலிருந்து ஒற்றைக்காலால் மெல்ல இறங்குவது ஆகியவை போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்

மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகும் வழக்கம் ஆபத்தானது. வலி மறைந்துவிடுவதால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. அதோடு, நம் ஊர் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வயிற்றில் புண்ணும் வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஓடி வந்ததும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், தைலம் தடவலாம், ஆறுதலாக இருக்கும். மூட்டு உறை போட்டால் சிலருக்குத் தெம்பாக இருக்கும். கூட்டிய சுமையைக் குறைக்காமல் இவற்றால் மட்டும் குணமாகாது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கால் முறுக்கி, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் உடனே காட்டுங்கள். மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்வது, நிற்கும்போது கால் நழுவுவது, ஊன்றவே முடியாதது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுடுவது, எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் கடுமையாக வலிப்பது, படுத்திருக்கும்போதும் இரவில் எழுப்பும் வலி ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். பதின்வயதினருக்கு இரவு வலி தொடர்ந்தால் கட்டாயம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், அளவைக் குறைத்து ஆறு வாரம் ஆகியும் தேறவில்லை என்றால் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார்களுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் சோம்பேறித்தனம் என்று விரட்டாதீர்கள். அன்றைக்குப் பாதித் தூரம் ஓடவிடுங்கள், மீதியை நடக்கவிடுங்கள். தேர்வு நாளன்று அந்தப் பிள்ளை நல்ல காலோடு கோட்டில் வந்து நிற்க வேண்டும்.