புஷ்கர் கால்நடைச் சந்தைக்குச் செல்லத் திட்டமிடுவோருக்கு

இந்தியாவின் பெரிய கால்நடைச் சந்தைகளுள் ஒன்று இராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள புஷ்கரில் ஆண்டுதோறும் கூடுகிறது. தார்ப் பாலைவனத்தின் விளிம்பில், ஆரவல்லி மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் இது. இங்குள்ள ஏரியும் பிரம்மன் கோயிலும் புகழ் பெற்றவை. ஏரியில் புனித நீராட வரும் அடியார் கூட்டமும், ஒட்டகம், குதிரை, மாடு ஆகியவற்றை விற்க வரும் மேய்ப்பர் கூட்டமும் ஒரே காலத்தில் ஓரிடத்தில் கூடுவதே இதன் சிறப்பு. வறண்ட நிலத்தில் கால்நடைகளை நம்பி வாழும் மக்களின் அனுபவத்தை நேரில் அறிய விரும்பும் உழவர்களுக்கு இப்பயணம் பயனுள்ளது. ஆயினும் தொலைவு அதிகம், செலவும் உண்டு, பண்ணையைப் பத்து நாட்கள் விட்டுச் செல்ல வேண்டும். ஆகவே முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்வது அவசியம்.

சந்தை கூடும் காலம்

வடநாட்டுக் கார்த்திகை மாதத்தின் வளர்பிறை ஏகாதசி முதல் பௌர்ணமி வரை புஷ்கரில் நீராட்டு விழா நடைபெறுகிறது. இங்கு ஒரு குழப்பம் ஏற்பட இடமுண்டு. வடநாட்டுக் கார்த்திகையும் நம் கார்த்திகையும் ஒன்றல்ல. அங்கு சந்திரனைக் கொண்டும், இங்கு சூரியனைக் கொண்டும் மாதம் கணக்கிடப்படுகிறது. அவர்களின் கார்த்திகைப் பௌர்ணமி பல ஆண்டுகளில் நம் ஐப்பசிப் பௌர்ணமியாகவே அமையும். நம் திருக்கார்த்திகையை மனத்தில் கொண்டு பயணச்சீட்டு வாங்குவோர், பல ஆண்டுகளில் சந்தை கலைந்து ஒரு மாதம் சென்ற பிறகே போய்ச் சேருவர்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தீபாவளியை அடுத்து வரும் பௌர்ணமியே புஷ்கர் பௌர்ணமி. 2023ஆம் ஆண்டில் அது நவம்பர் 27, 2024இல் நவம்பர் 15, 2025இல் நவம்பர் 5. 2026ஆம் ஆண்டில் நவம்பர் 24ஆம் நாள் வருகிறது.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கால்நடை வாணிபம் விழாவிற்கு முன்னரே தொடங்கிவிடும். தீபாவளி முடிந்ததும் மேய்ப்பர்கள் மந்தைகளுடன் மணல்மேடுகளில் வந்து தங்கத் தொடங்குவர். ஏகாதசிக்கு முந்திய சில நாட்களிலேயே கொடுக்கல் வாங்கல் மும்முரமாக நடக்கும். பௌர்ணமி நெருங்க நெருங்க மந்தைகள் குறைந்து, நீராட வருவோர் கூட்டம் பெருகும். கால்நடைகளைக் காண விரும்புவோர் தீபாவளி கழிந்து ஐந்து அல்லது ஆறாம் நாளிலேயே அங்கு இருத்தல் வேண்டும்.

புறப்படுமுன் கேட்டறிய வேண்டியவை

எல்லா ஆண்டுகளிலும் சந்தை கூடும் என்று உறுதியாக இருந்துவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்றினால் விழா நடைபெறவில்லை. 2022ஆம் ஆண்டில் மாடுகளிடையே தோல் கழலை நோய் பரவியதால், விழா நடந்தும் கால்நடைச் சந்தை கூடவில்லை. ஆகவே புறப்படுமுன் இராஜஸ்தான் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சுற்றுலாத் துறையும் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, கால்நடைச் சந்தைக்கு அனுமதி உண்டா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி மாதம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். சம்பா நடவு, களையெடுப்பு, மேலுரம் இடுதல் போன்ற வேலைகள் நெருக்கும் நேரம். வீட்டில் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாதவர்கள் இக்காலத்தில் பயணம் மேற்கொள்வதைத் தவிர்ப்பதே நல்லது. அத்தகையோருக்கு நாகௌர் சந்தை ஏற்றது. அதே மாநிலத்தில் நாகௌர் நகரில் ராம்தேவ்ஜி பெயரால் கூடும் இச்சந்தை, தை, மாசி மாதங்களில் ரதசப்தமியை ஒட்டி நடைபெறுகிறது. சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். உழவு மாடுகளில் நாட்டம் உள்ளவர்களுக்குப் புஷ்கரைவிட நாகௌரே பயனுடையது. நெடிய கால்களும் வெண்ணிறமும் விரைந்த நடையும் கொண்ட நாகௌரி காளைகளுக்குப் பெயர் பெற்ற சந்தை அது.

பயண ஏற்பாடு

புஷ்கருக்கு அண்மையிலுள்ள பெரிய இரயில் நிலையம் அஜ்மீர். அங்கிருந்து மலையைக் கடந்து சுமார் 15 கி.மீ. பேருந்தில் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜெய்ப்பூர் சென்று, அங்கிருந்து சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள அஜ்மீரை அடையலாம். ஜெய்ப்பூருக்கு நேரடி இரயில் நாள்தோறும் இல்லை. இரயிலில் இரண்டு இரவுகள் கழியும். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. தீபாவளியை ஒட்டிய நாட்களாதலால், பதிவு தொடங்கும் அன்றே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் உடன் பதிவு செய்தல் நலம்.

பத்து நாள் பயணத்தைக் கீழ்க்கண்டவாறு அமைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் சென்னையிலிருந்து புறப்பாடு.
3ஆம் நாள்: ஜெய்ப்பூர் வழியாக அஜ்மீர் சேருதல்.
4, 5, 6ஆம் நாட்கள்: புஷ்கர் சந்தை.
7ஆம் நாள்: அஜ்மீர் அருகே தபீஜியில் உள்ள தேசிய விதை நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி மையம். மாலை ஜெய்ப்பூர் திரும்புதல்.
8ஆம் நாள்: ஊர் திரும்பப் புறப்பாடு.
10ஆம் நாள்: சென்னை வந்து சேருதல்.

தபீஜி மையத்தில் கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், சோம்பு ஆகிய பயிர்களில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. மானாவாரியில் கொத்தமல்லி பயிரிடும் கரிசல் உழவர்கள் இதனைத் தவறாது பார்க்க வேண்டும். ஆடு வளர்ப்போர் இன்னும் ஒரு நாள் ஒதுக்கி, டோங்க் மாவட்டம் மால்புரா அருகே அவிகாநகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தையும் காணலாம். இந்நிலையங்களுக்கு முன்னதாகக் கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும்.

தனியே செல்வதைவிட எட்டு அல்லது பத்துப் பேர் சேர்ந்து செல்வது சிக்கனம். இந்தி அறிந்த ஒருவர் குழுவில் இருத்தல் அவசியம். அட்மா திட்டத்தின் கீழ் வெளிமாநிலக் கண்டுணர் சுற்றுலாவுக்கு வழிவகை உண்டு. உழவர் குழுவாக வட்டார உதவி வேளாண்மை இயக்குநரை அணுகி, ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம்.

தங்குமிடமும் ஊர் ஒழுங்கும்

விழா நாட்களில் புஷ்கரில் அறை வாடகை பல மடங்கு உயரும். அஜ்மீரில் தங்கி நாள்தோறும் பேருந்தில் சென்று வருவது செலவைக் குறைக்கும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருக்கும். கம்பளியும், புழுதிக்கு மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு துண்டும் தேவை. புஷ்கர் புனிதத் தலமாதலால் புலால், முட்டை, மது ஆகியவற்றுக்கு அங்குத் தடை உண்டு. படித்துறைகளுக்குக் காலணியுடன் செல்லக் கூடாது. நீராடுவோரைப் படம் எடுக்கக் கூடாது. கையில் பூவைக் கொடுத்துப் பூசைக்கு அழைப்போரிடம் தட்சிணை எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மேய்ப்பர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் கேட்காமல் படம் எடுப்பதும் முறையன்று.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

காலை விடியும் நேரத்திலும் மாலையிலும் சந்தைக்குச் செல்ல வேண்டும். தீவனம் வைப்பது, பால் கறப்பது, விலை பேசுவது எல்லாம் இவ்வேளைகளில்தான் நடக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இனப் போட்டி, கறவைப் போட்டி ஆகியவற்றின் நேரத்தை முதல் நாளே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

ஒட்டகங்களில் பிகானேரி, ஜெய்சல்மேரி, மேவாரி முதலிய இனங்கள் உண்டு. பிகானேரி பார வேலைக்கும், ஜெய்சல்மேரி சவாரிக்கும், மேவாரி பாலுக்கும் பெயர் பெற்றவை. ஒட்டகத்துக்கும் மாட்டைப் போலப் பல் பார்த்தே வயது கணிப்பர். ஆனால் மாட்டுக்கு இரண்டு வயதை அடுத்து விழும் முதற்பல், ஒட்டகத்துக்கு ஏறத்தாழ ஐந்து வயதில்தான் விழும். உள்ளங்கால் மெத்தையில் புண், தோலில் சொறி, திமில் வற்றியிருத்தல் ஆகியவற்றை வாங்குவோர் பார்ப்பர். ஈக்கள் பரப்பும் சர்ரா நோய் ஒட்டகத்தை மெலிய வைத்துக் கொல்லக் கூடியது.

குதிரைகளில் மார்வாரி இனத்தைக் காதைக் கொண்டே அறியலாம்; இரு காதுகளின் நுனியும் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று நோக்கி நிற்கும். மாடுகளில் கிர் இனம் அஜ்மீர்ப் பகுதிக்கு நெடுநாள் பழக்கமானது. தார்பார்க்கர், ராட்டி ஆகியவை பாலைநிலத்தின் கறவை இனங்கள். குறைந்த தீவனத்தில், கடும் வெயிலில் இவை பால் தருவது எவ்வாறு என்பதை உரிமையாளரிடம் கேட்டு அறிய வேண்டும்.

சந்தைக்கு வெளியே உள்ள வயல்களையும் பார்க்க வேண்டும். கம்பு வயல்களின் நடுவே வரப்பின்றி நிற்கும் மரங்கள் நாம் வன்னி என்று வழங்கும் மரமே. அங்கு அதற்குக் கேஜ்ரி என்று பெயர். 1983ஆம் ஆண்டு முதல் அது அம்மாநில மரம். குளிர் காலத்தில் இதன் கிளைகளைக் கழித்து, இலையை உலர்த்தி ஆடு, மாடு, ஒட்டகங்களுக்குத் தீவனமாகச் சேமிப்பர். பிஞ்சுக் காய் சமையலுக்கு ஆகும். இதன் வேர் ஆழச் செல்வதால் கீழே உள்ள பயிருடன் நீருக்குப் போட்டியிடுவது குறைவு. நம் நாட்டில் கோயில் மரமாக மட்டும் போற்றும் வன்னியை, மழை குறைந்த மானாவாரி நிலங்களில் தீவன மரமாக வளர்ப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

சந்தை சுருங்குவது ஏன்?

பழைய படங்களில் காணும் ஒட்டகக் கூட்டத்தை இன்று எதிர்பார்க்க இயலாது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 4 இலட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019இல் அவை சுமார் 2.5 இலட்சமாகக் குறைந்தன. டிராக்டரும் லாரியும் பார வேலையை எடுத்துக்கொண்டன. கால்வாய்ப் பாசனம் வந்த இடங்களில் மேய்ச்சல் நிலம் வயலாயிற்று. காடுகளில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2014இல் ஒட்டகம் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. 2015இல் அதனைக் கொல்வதையும், அனுமதியின்றி வெளிமாநிலம் கொண்டு செல்வதையும் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. காப்பதற்காக வந்த சட்டமே எனினும், வெளிமாநிலத்து வணிகர் வருகை குறைந்து, ஆண் ஒட்டகத்தின் விலை சரிந்ததாக ராய்கா மேய்ப்பர்கள் முறையிடுகின்றனர். கன்று விற்ற பணத்தில் காலம் தள்ளியவர்களுக்கு, விற்க வழியில்லாத மந்தை சுமையாகிறது. ஒட்டகத்தின் சினைக் காலம் ஏறத்தாழ 13 மாதங்களாதலால், குறைந்த மந்தை விரைவில் பெருகுவதும் இல்லை.

இதில் நமக்கும் பாடம் உண்டு. ஓர் இனத்தைப் பாராட்டி அறிவிப்பதால் மட்டும் அது நிலைக்காது. வளர்ப்பவனுக்கு அதனால் வருவாய் வர வேண்டும். மேய்ச்சல் நிலமும் இருக்க வேண்டும். பிகானேரில் 1984இல் தொடங்கப்பெற்ற ஒட்டக ஆராய்ச்சி நிறுவனம் பாலிலிருந்து பொருட்கள் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. ஒட்டகப் பாலை விற்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இது பற்றி மேய்ப்பர்களிடம் கேட்டறிதல், சந்தையில் நாம் செய்யத்தக்க மிகப் பயனுள்ள வேலையாகும்.

வாங்கி வரலாமா?

பார்த்தவுடன் ஆசைப்பட்டு மாடு வாங்க முற்படுவது கூடாது. சுமார் 2,000 கி.மீ. தொலைவுக்கு மாட்டை ஏற்றி வருதல் எளிதன்று. கால்நடை மருத்துவரின் சான்று, மாநிலத்தை விட்டு வெளியேற்றுவதற்கான அனுமதி, வழியில் தீவனமும் நீரும் ஓய்வும் ஆகிய அனைத்தும் வேண்டும். வறண்ட காற்றுக்குப் பழகிய இனம் நம் ஈரமான கடலோரப் பகுதிகளில் அதே பயனைத் தரும் என்று கொள்வதற்கில்லை. நல்ல இனத்தின் குணம் வேண்டுவோர் உறைவிந்துவைப் பற்றி உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கலந்து பேசலாம்.

திரும்பியபின் செய்ய வேண்டியவை

பல ஊர் மந்தைகள் கூடிய இடத்திலிருந்து வருகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கோமாரி நோய்க் கிருமி காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். ஒரு லிட்டர் நீரில் 40 கிராம் சலவைச் சோடா கரைத்து, சந்தையில் அணிந்த காலணியை மண் நீங்கத் தேய்த்துக் கழுவ வேண்டும். உடைகளைத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். குளிக்காமலும் உடை மாற்றாமலும் தொழுவத்துக்குள் செல்லக் கூடாது. இரண்டு, மூன்று நாட்கள் வரை மாடுகளைக் கவனிக்கும் வேலையை வீட்டில் உள்ள மற்றவரிடமே விட்டுவைப்பது மேலும் பாதுகாப்பு. பயணத்துக்கு முன்னரே தம் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும்.

சந்தையில் கண்ட விலை, தீவன முறை, இன அடையாளம் ஆகியவற்றை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஊர் திரும்பியதும் உழவர் மன்றக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால், பத்துப் பேர் சென்று வந்த பயணத்தின் பயன் ஊர் முழுமைக்கும் கிட்டும்.