மலைக்கு அடியில் இருந்த வன்னி

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகிறவருக்கு நிலம் எங்கேயும் தலை தூக்கிக் காட்டாது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று காடும் வயலும் குளக்கட்டும் மாறி மாறி வரும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இராது. மலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நுவரெலியாவுக்குப் போவார்கள். வன்னிக்கு அதற்காக யாரும் வந்ததில்லை. ஆனால் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தின்மேல் ஒரு பெரும் மலைத்தொடர் நின்றது. இன்று ஓமந்தைப் பக்கம் கிணறு வெட்டும்போது கடப்பாரையில் மோதும் கருங்கல் அந்த மலையின் வேர்.

சாட்சி அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கல்லுடைக்கும் இடத்தில் ஒரு துண்டை எடுத்துக் கழுவிப் பார்த்தால், வெள்ளையும் கறுப்புமான வரிகள், குழைத்த மாவை இழுத்து மடித்ததுபோல நெளிந்து கிடக்கும். நீஸ் என்று இந்த வகைப் பாறையைச் சொல்வார்கள். கல் இப்படி நெளிய வேண்டுமானால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஆழத்தில், 700 பாகை செல்சியசை எட்டிய சூட்டில் அது நெடுங்காலம் கிடந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் கிடந்த கல் இப்போது நம் காலடியில் இருக்கிறது. அப்படியென்றால் அதன்மேல் இருந்த அத்தனை பாறையும் மழையாலும் வெயிலாலும் ஆறுகளாலும் அரிபட்டுப் போயிருக்கிறது. மேலே பாரம் குறையக் குறைய அடியில் உள்ளது மெல்ல எழும்பும். எழும்பியதும் மறுபடி அரிபடும். இது கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்து முடிந்தபின் மிஞ்சியதுதான் வன்னிச் சமவெளி.

அந்த மலை கண்டங்கள் மோதியதால் வந்தது. இந்தியா, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா எல்லாம் நெருங்கிவந்து கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலம் அது. இலங்கை அந்த ஒட்டின் நடுவில், இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் கிழக்கு அந்தாட்டிக்காவுக்கும் இடையில் அகப்பட்டது. ஜப்பானின் சியோவா ஆய்வு நிலையம் இருக்கும் அந்தாட்டிக்கக் கரையில் பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் இலங்கைப் பாறைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மோதலில் வெந்தவை.

இதெல்லாம் தெரியவந்தது அண்மையில்தான். இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு 1903இல் முதல் பணிப்பாளராக வந்தவர் ஆனந்த குமாரசாமி. பின்னாளில் கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அதே குமாரசாமிதான். தொடக்கத்தில் அவர் கல்லைப் படித்தவர். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற கருநீலக் கல் இலங்கையிலும் உண்டு என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. ஏன் இரண்டு இடத்திலும் ஒரே கல் என்பதற்கு மட்டும் விடையில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜேர்மனியரான அல்பிரட் வேகனர் 1912இல் சொன்னபோது பெரும்பாலான அறிஞர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. கடலடி மலைத்தொடர்களின் நடுவே புதிய தரை பிறந்து இரு பக்கமும் விலகுவதை 1960களில் கண்டுகொண்ட பிறகே புவித்தகடுகள் பற்றிய கொள்கை நிலைபெற்றது.

வன்னிக்கு அதன் பிறகும் தன் முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய வரைபடங்கள் இந்த நிலத்தை 'மேற்கு விஜயன்' என்று எழுதி, கிழக்கு இலங்கைப் பாறைகளின் உறவாகக் கணக்கிட்டன. 1980களின் பிற்பகுதியில் இலங்கை, ஜேர்மன் ஆய்வாளர்கள் பாறைகளில் உள்ள ஐசோடோப்புகளை அளந்து பார்த்தார்கள். வன்னிக் கல், நடு மலைநாட்டுக் கல், கிழக்குக் கல் மூன்றும் வெவ்வேறு பிறப்புடைய துண்டுகள், மோதலின்போது ஒட்டவைக்கப்பட்டவை என்று தெரிந்தது. அப்போதுதான் 'வன்னித் தொகுதி' தனிப் பெயரோடு நிலவியல் வரைபடத்தில் ஏறியது. அந்தாட்டிக்கப் பாறைகளையும் இலங்கைப் பாறைகளையும் ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இன்று வன்னியின் பெயர் இருக்கும். வன்னிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? புவியியல் வகுப்பில் நாம் இமயத்தையும் அந்தீசையும் ஜப்பானையும் படிப்பிக்கிறோம். பாடசாலை வளவில் கிடக்கும் கல்லைத் தூக்கிக் காட்டுவதில்லை.

சேர்ந்த நிலம் பிரிந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவை விட்டுக் கிளம்பின. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் ஒத்த உயிரினங்கள் ஏன் இருக்கின்றன என்று விளக்க, நடுவே லெமூரியா என்ற கண்டம் மூழ்கியிருக்கலாம் என 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் சொன்னார். நம்மவர்கள் அதைக் குமரிக் கண்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். மேடைகளில் இன்றும் கேட்கலாம். நிலமே நகர்ந்தது என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டம் அறிவியலுக்குத் தேவைப்படவில்லை. நடந்தது அந்தக் கதையைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

இலங்கை இந்தியாவிடமிருந்தும் பிரியப் பார்த்தது. மன்னார்க் குடாவின் அடியில் நிலம் இழுபட்டு மெலிந்து பள்ளமானது. பிறகு இழுவை நின்றுவிட்டது. முழுதாகப் பிரிந்திருந்தால் மடகாஸ்கரைப்போல நாமும் எங்கோ தனியே கிடந்திருப்போம். பிரிவு பாதியில் நின்றதால் அந்தப் பள்ளத்தில் வண்டல் கிலோமீற்றர் கணக்கில் நிரம்பியது. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கே துளைத்தபோது இயற்கை எரிவாயு தென்பட்டது.

வன்னிக் கமக்காரரின் வாழ்க்கையைத் தீர்மானித்தது வேறொரு மாற்றம். மயோசீன் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் அரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடையில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் வடக்கையும் வடமேற்கையும் மூடியது. அதன் அடியில் படிந்த சுண்ணக்கல்லின்மேல்தான் யாழ்ப்பாணம் இருக்கிறது. சுண்ணக்கல்லின் எல்லை முல்லைத்தீவுப் பக்கமிருந்து தென்மேற்காக மன்னார், புத்தளம் நோக்கிச் சாய்வாக ஓடுகிறது. மேலே மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தெற்கே இருக்கும் கல்லுக்கும் வடக்கே அதன்மேல் படிந்த கல்லுக்கும் இடையில் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஏ-9 வீதியால் போகும் பேருந்து அதை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கடந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தார் ஏன் கிணற்றை நம்பினார்கள், வன்னியார் ஏன் குளம் கட்டினார்கள் என்பதற்கு விடை பெருமளவு இங்கேதான் இருக்கிறது. சுண்ணக்கல்லில் மழைநீர் வெடிப்புகளால் இறங்கி அடியில் தங்கும். துலா போட்டு இறைக்கலாம். வன்னிக் கருங்கல் வெடிப்புகளைத் தவிர வேறெங்கும் நீரை உள்ளே விடாது. அதற்கு மேலே உக்கிய பாறையும் செங்கபில மண்ணும் இருக்கும் அளவுக்குத்தான் வெட்டிய கிணற்றுக்கு எட்டும் நிலத்தடி நீர். ஆனால் தேய்ந்த மலையின் அடித்தளம் முழுத் தட்டையாக இராமல் மெல்ல ஏறி இறங்கும். தாழ்ந்த இடத்தில் ஒரு கட்டுப் போட்டால் மாரி மழை நிற்கும். பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று வரைபடத்தில் நெருக்கமாகத் தெரியும் நீலப் புள்ளிகளைக் கட்டியது மனிதர். இடம் கொடுத்தது கல்.

இதே குளங்களில் ஒன்றான இரணைமடுவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள செம்மண்ணும் அதன் அடியிலுள்ள பரலும் 'இரணைமடுப் படிவு' என்ற பெயரில் தொல்லியல் நூல்களில் நிற்கின்றன. இத்தகைய படிவுகளில் கற்கால மனிதரின் படிகக்கல் கருவிகள் கிடைத்ததால், இலங்கையின் ஆதி மனிதரைத் தேடுவோர் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரை கடற்கரையில் மின்னும் கறுப்பு மணலும் உள்நாட்டுப் பாறைகளின் தேய்மானம்தான்: இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன். பாறையின் வயதைக் கணிக்க ஆய்வாளர்கள் தேடும் அதே சிர்க்கோனைத்தான் புல்மோட்டையில் தொன் கணக்கில் அள்ளுகிறார்கள்.

நன்மை மட்டும் கொடுத்த கல் அல்ல இது. கருமைக்கா, அப்பற்றைட்டு போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரில் கரைகிறது. அன்று மேலோட்டமான கிணற்றில் மழைநீர் அடிக்கடி புதிதாகச் சேர்ந்தது. இன்று குழாய்க் கிணறு பாறை வெடிப்புக்குள் நெடுநாள் தங்கிய நீரை மேலே கொண்டுவருகிறது. இலங்கைத் தரம் குடிநீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் புளோரைட்டையே அனுமதிக்கிறது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் நீர் அதைத் தாண்டுகிறது; பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை அதைக் காட்டுகிறது. குழாய்க் கிணறு போடுகிறவர்கள் நீரைச் சோதிக்காமல் குடிக்கத் தொடங்கக்கூடாது.

நிலம் இன்னும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நாம் இருக்கும் இந்தியத் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்கே போகிறது; இருபது ஆண்டில் ஒரு மீற்றர். முழுத் தகடும் சேர்ந்து போவதால் நமக்குத் தெரிவதில்லை. தகட்டின் நடுவில் இருப்பதால் வன்னியில் பெரிய நடுக்கமும் இல்லை. 2024 ஜூனில் வவுனியா, மதவாச்சி, கெப்பித்திகொல்லாவைப் பக்கம் ஓரிரவு உணரப்பட்டது 2.3 அளவான சிறு அதிர்வு. பாத்திரம் ஆடியது, அவ்வளவுதான்.

ஓரத்தில் கதை வேறு. சுமாத்திராவுக்கு அருகே நமது தகடு அடுத்த தகட்டின் கீழே நுழைகிறது. 2004 டிசம்பர் 26, கொழும்பு நேரம் காலை 6.58க்கு அங்கே 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு ஓடியது, அளவு 9.1. (அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் மணிக்கூடு கொழும்பைவிட அரை மணி பிந்தி ஓடியது; முல்லைத்தீவில் மணி ஆறரைகூட ஆகியிருக்கவில்லை.) கடற்றரை மீற்றர் கணக்கில் மேலே எழும்பி, மேலிருந்த நீரையும் தூக்கியது. இரண்டு மணி நேரம் போலக் கழித்து அந்த நீர் கள்ளப்பாட்டிலும் சிலாவத்தையிலும் முல்லைத்தீவு நகரிலும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை. ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு அதிகாரபூர்வமான எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கொண்டுவந்தது; கரைகளில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். பேரலை வரவில்லை. அன்று தகட்டின் துண்டுகள் பக்கவாட்டில் உரசின. கடற்றரை பெரிதாக எழும்பவில்லை. அதைப் 'பொய் எச்சரிக்கை' என்று இப்போதும் சிலர் சொல்வது எனக்குக் கவலை தருகிறது. பிளவு எந்தப் பக்கம் அசைந்தது என்று முதல் நிமிடங்களில் எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடியது சரி.

கடல் உள்வாங்கினால் சுனாமி வருகிறது என்று எல்லோருக்கும் இப்போது தெரியும். முல்லைத்தீவுக்கு அந்த அறிவு போதாது. 2004இல் பிளவின் கிழக்குப் பக்கம், தாய்லாந்தில், கடல் முதலில் வற்றியது. மேற்குப் பக்கமாகிய நமக்கு எழும்பிய நீரே முதலில் வந்தது. நடுக்கமும் நம் கரையில் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருக்கலாம்: தரை ஆடாது, கடல் வற்றாது, நேரே ஏறும். தேய்ந்துபோன அந்தப் பழைய மலை ஏறித் தப்ப ஒரு மேட்டையும் கரையில் விட்டுவைக்கவில்லை. நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் துண்டில் இருக்கும் குடும்பங்களுக்குப் போகும் வழியும் குறைவு. கையில் இருப்பது அந்த இரண்டு மணி நேரம் மட்டும். ஆகையால் கரையோர மக்களே, வானொலியோ கைபேசியோ கோபுரமோ எதில் எச்சரிக்கை வந்தாலும் கடலைப் போய்ப் பார்க்காதீர்கள். முல்லைத்தீவு நகரில் இருப்போர் முள்ளியவளைப் பக்கமும் வடக்கே இருப்போர் புதுக்குடியிருப்புப் பக்கமும் உடனே புறப்படுங்கள். முதல் அலை வடிந்தது என்று திரும்பி வராதீர்கள்.