டொக் டொக் சத்தம் எங்கிருந்து வருகிறது?
(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், எடுத்த எடுப்பிலேயே அவர் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதில்லை. எப்போதிலிருந்து, ராத்திரியில் அதிகமா, குளிர் இருக்கா என்று நாலு கேள்வி கேட்பார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். 1816-ல் பாரிஸ் நகரில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் அந்தக் கருவியின் ஆரம்பம். ஆனால் ஒரு டீசல் பிக்கப் வண்டி "டொக் டொக்" என்று வந்து நின்றால், பல ஒர்க்‌ஷாப்புகளில் முதல் வார்த்தையே "இன்ஜின் இறக்கணும்" என்பதாக இருக்கிறது.

நண்பர்களே, இன்ஜின் இறக்குவது சின்ன விஷயமல்ல. பிக்கப் வைத்திருக்கும் பலருக்கு அந்த ஒரு வண்டிதான் சோறு போடுகிறது. விடியற்காலை மார்க்கெட்டுக்குத் தக்காளி போகவில்லை என்றால் அன்றைய வாடகை போச்சு. பேங்க் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அதற்காக "டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடவும் முடியாது. நிஜமாகவே பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால், ஒருநாள் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சத்தத்தை விசாரிக்கக் கற்றுக்கொள்வோம்.

இயல்பான சத்தம் எது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. வெறும் காற்றை இழுத்து, சுமார் 16-ல் ஒரு பங்கு முதல் 20-ல் ஒரு பங்கு வரை அமுக்குகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. தூவுவதற்கும் பற்றுவதற்கும் நடுவில் மிகச் சிறிய தாமதம் உண்டு. நம் பாடப் புத்தகத்தில் இதற்கு இக்னிஷன் டிலே என்று பெயர். அந்த நேரத்தில் சேர்ந்த டீசல் ஒரேயடியாகப் பற்றும்போது எழுவதுதான் டீசலுக்கே உரிய "கடகட". இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும். அதனால்தான் காலையில் சத்தமும் கூடுகிறது. காமன் ரெயில் இன்ஜினில் முதலில் துளியூண்டு டீசலைத் தூவி, பிறகு மீதியைத் தூவுவதால் சத்தம் குறைவு.

இந்தக் "கடகட" எல்லா சிலிண்டரிலும் ஒரே சீராக இருக்கும். சீர் கெட்டு, ஒரு தட்டு மட்டும் தனியாகக் கேட்டால் விசாரணை ஆரம்பம்.

முதல் கேள்வி: ஆயில் இருக்கிறதா?

ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டுமல்ல, கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். ஆயில் இளகினால் பேரிங் தாங்காது. சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். அடுத்த ஊர் வரைக்கும் கூட ஓட்டக் கூடாது.

இரண்டாவது கேள்வி: எப்போது வருகிறது?

குளிர்ந்த இன்ஜினில் அதிகமாக வந்து, சூடானதும் அடங்கினால், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிக்கும் சத்தமாக இருக்கலாம். லோடு ஏறி மேடு ஏறும்போது கனத்த சத்தம் அடியிலிருந்து வந்தால் பிக் எண்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எத்தனை தடவை?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்ட் வினாடிக்கு 13 சுற்றுக்கு மேல் சுற்றும். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம்தான், சுமார் 6 அல்லது 7. ஒரு வால்வும் ஒரு இன்ஜெக்டரும் வேலை செய்வது இந்தப் பாதிக் கணக்கில்தான். ஆகவே டப்பட் சத்தமும் ஒரு தனி இன்ஜெக்டரின் சத்தமும் வினாடிக்கு 6, 7 தடவை வரும். கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் பாகங்களின் சத்தம் 13 தடவை வரும். இதைக் காதால் எண்ண முடியாது. செல்போனில் ரெக்கார்டு செய்து, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக் கேளுங்கள், எண்ணிவிடலாம்.

நான்காவது கேள்வி: எந்த இடம்?

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே நம் ஸ்டெதாஸ்கோப். வால்வு கவர், பிளாக், ஆயில் சம்ப், டைமிங் கவர் என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். தொளதொள சட்டையோடு ஃபேன் பெல்ட் பக்கம் போகவே கூடாது.

உயிரோடு விளையாடாதீர்கள்

பழைய மெக்கானிக்குகள் ஒரு வித்தை செய்வார்கள். இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் லேசாகத் தளர்த்தி, அந்த சிலிண்டரை "கட்" பண்ணுவார்கள். சத்தம் குறைந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். பழைய பம்ப் இன்ஜினுக்கு அது சரி. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். காமன் ரெயிலில் ஐடிலிங்கிலேயே சில நூறு பார், முழு லோடில் 1600 பாருக்கும் மேல். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலுக்குள் ஊசி போல இறங்கும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தியா முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தன. இன்றைய வண்டிகளில் சிலிண்டர் கட் செய்ய ஸ்கேனர் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான் பார்த்த ஒரு கேஸ்

பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு காய்கறி பிக்கப் வந்தது. ஐடிலிங்கில் "டொக் டொக்". இரண்டு இடத்தில் பேரிங் போச்சு, இறக்கணும் என்று சொல்லியிருந்தார்கள். "தம்பி, இறக்காம ஏதாச்சும் வழி இருக்கா?" என்று டிரைவர் அண்ணன் என்னிடம் கூடக் கேட்டார்.

எங்கள் ஹெட் மெக்கானிக் அவசரப்படவில்லை. ஆயில் அளவு சரி. கேஜ் மாட்டிப் பார்த்ததில், சூடான இன்ஜினிலும் ஆயில் பிரஷர் சரி. ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டராகக் கட் செய்தும் சத்தம் மாறவில்லை. அப்படியென்றால் பிஸ்டன், கனெக்டிங் ராட், இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைந்தது. செல்போனில் எண்ணினால் வினாடிக்கு 13. ஆக, கிராங்க் வேகம். ஸ்க்ரூ டிரைவரில் கேட்டால் முன்பக்கம்தான் சத்தம் அதிகம். பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டினோம். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அப்போதும் சத்தம் இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டரும் இல்லை.

மிஞ்சியது கிராங்க் புல்லி. அது ஒரே துண்டு இரும்பு அல்ல. நடுவில் ஹப், வெளியே வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் அதிர்வை அந்த ரப்பரும் வளையமும் வாங்கிக்கொள்கின்றன. ஹெட் மெக்கானிக் ஹப்பிலிருந்து வளையம் வரை சாக்பீஸால் ஒரே கோடு போட்டார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினார். கோடு இரண்டு துண்டாகி, வளையம் இரண்டு விரல்கடை நகர்ந்திருந்தது! ரப்பர் விட்டுப்போய், வளையம் ஹப்பில் தட்டிக்கொண்டிருந்தது. புல்லியை மாற்றியதும் சத்தம் நின்றது. இன்ஜினை இறக்கவில்லை. மறுநாள் விடியற்காலை அந்த வண்டி லோடு ஏற்றப் போய்விட்டது.

அதே புல்லியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பெல்ட் கழன்றிருக்கும், காலப்போக்கில் கிராங்க் ஷாஃப்டுக்கே ஆபத்து வந்திருக்கும். ஆயில் பிரஷர் குறைந்து, ஃபில்டரில் உலோகத் துகளும் இருந்திருந்தால், அன்றைக்கு இறக்குவதுதான் சரியான தீர்ப்பாக இருந்திருக்கும்.

நாளை நாமும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போகிறோம். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள சோதனை பிறகு, இன்ஜினைத் திறப்பது கடைசியில். இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர் கொண்டுவந்து நிறுத்துவது வெறும் இன்ஜினை அல்ல, தன் வீட்டு அடுப்பை. அதில் கை வைக்கும் முன் காதை வைப்போம்!