டின்னில் கீரை வளரட்டும், கொசு வளர வேண்டாம்



லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டு வாழ்ந்தோம். தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் அடுக்குமாடிக்கு வந்தவர்கள், "மண்ணு ஏதுங்க?" என்கிறார்கள். பிஸ்கட் டின், அரிசிச் சாக்கு போதும். அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். மண்ணோடு மக்கிய குப்பையைக் கலந்து, தண்டுக்கீரை விதையைத் தூவி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

கீரையில் இரும்புச் சத்து உண்டு. இரத்தம் குறைந்த பெண்களுக்கு நல்லது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. களைக்கொல்லி இருந்த தோம்பில் கீரை போடாதீர்கள். கழுவினாலும் நம்ப முடியாது. பாராகுவாட் 2020இல் தடை செய்யப்பட்டது. அதன் பழைய தோம்பு வீட்டில் கிடந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது டெங்கி. டின்னுக்குக் கீழே வைத்த தட்டிலும், நிமிர்ந்து கிடக்கும் பால் மங்கிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது. ஆகவே வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மங்கைக் கவிழ்த்து வையுங்கள். கொசு வளர விட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.